வைக்கோல்நிறப் பழந்தின்னி வௌவால்: சொல் விளக்கம்

ஆப்பிரிக்காவில் பெருங்கூட்டமாக மரங்களில் தொங்கும் ஒரு பழந்தின்னி வௌவாலின் அறிவியல் பெயர் எய்டோலோன் ஹெல்வம். ‘ஹெல்வஸ்’ இலத்தீன், மங்கிய மஞ்சள் என்று பொருள். ‘எய்டோலோன்’ கிரேக்கம், நிழலுரு, ஆவி. ஆங்கிலத்தில் சிலையைக் குறிக்கும் ‘ஐடல்’ என்ற சொல்லுக்கும் இதுவே வேர். அப்படியே பெயர்த்தால் ‘மஞ்சள் ஆவி’ என்று வரும். பேய்க்கதைக்கு நல்ல தலைப்பு, விலங்குக்கு வேண்டாம்.

இந்தப் பெயரை ஒருவரே வைத்துவிடவில்லை. 1792இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் கெர், செனகலின் இந்த வௌவாலை ‘வெஸ்பெர்டிலியோ வாம்பைரஸ்’ என்ற வௌவால் இனத்தின் ஒரு வகையாகச் சேர்த்து ‘ஹெல்வஸ்’ என்றார். வாம்பைரஸ் என்றால் இரத்தம் குடிக்கும் பேய். பாவம், இது தின்பதோ பழமும் பூவும். 1815இல் இயற்கையியலாளர் ரஃபினெஸ்க் ‘எய்டோலோன்’ என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் தொகுதியை, அமைத்தார். பேய் போய் ஆவி வந்தது, அவ்வளவுதான்.

தமிழில் ‘வைக்கோல்நிறப் பழந்தின்னி வௌவால்’ என்பதே பொருத்தம். கழுத்திலும் முதுகிலும் உள்ள மயிர், மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலின் நிறம். ஆணின் கழுத்தில் ஆரஞ்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இறக்கை கறுப்பு. சுருக்கம் வேண்டுமென்றால் ‘வைக்கோல்நிற வாவல்’ எனலாம். வாவல் சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல்.

‘பறக்கும் நரி’ என்று மட்டும் எழுத வேண்டாம். அந்தப் பெயர் டெரோபஸ் பேரினத்துக்கு உரியது. நம் ஊர் ஆலமரங்களில் தொங்குவது அதுதான். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் டெரோபஸ் கிடையாது. மடகாஸ்கர், கொமொரோஸ், தான்சானியாவின் பெம்பா போன்ற தீவுகளோடு நின்றுவிட்டது. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும், டெரோபஸுக்கு வால் இல்லை, எய்டோலோனுக்குக் குட்டையாக ஒரு வால் உண்டு.

செனகல் முதல் எத்தியோப்பியா வரை, தெற்கே தென்னாப்பிரிக்கா வரை இது பரவியிருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் தங்குவதில்லை. பழம் பழுக்கும் பக்கம் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜாம்பியாவின் கசங்கா தேசியப் பூங்காவில், ஒரு சின்னச் சதுப்புக் காட்டில் மட்டும் ஒரு கோடி வரை கூடுவதாக மதிப்பிடுகிறார்கள். கிளைகள் பாரம் தாங்காமல் ஒடிவதும் உண்டு.

இந்த இனத்துக்குள் அடங்கும் துணையினங்களில் ஒன்று கினி வளைகுடாவின் அன்னோபோன் தீவில் இருக்கிறது. 2000இல்தான் அதற்குப் பெயரிட்டார்கள். இன்னொன்று அரேபியாவின் தென்மேற்கு மூலையில், ஏமன் பக்கம். மடகாஸ்கரில் இருப்பது துணையினம் அல்ல, எய்டோலோன் டுப்ரேயானம் என்ற தனி இனம். ஆகவே அதை எழுதும்போது ‘மடகாஸ்கர் வைக்கோல்நிறப் பழந்தின்னி’ என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது.