சிவப்பு எழுத்தைக் கண்டதும் லாக் ஃபைலில் கை வைக்காதீர்கள்

தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு நாங்கள் கட்டிக்கொடுத்த ஆர்டர் தளம் வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்குப் படுத்துவிட்டது. "தம்பி, திறக்கவே மாட்டேங்குதாம். ஆளுங்க வாட்ஸ்அப்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் முறுக்கு சுடுறதா பதில் சொல்றதா?" என்று அவர் போனில் கேட்டபோது, பின்னால் எண்ணெய்ச் சட்டி சத்தம் கேட்டது. அவருக்கு வருஷத்து வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு வாரத்தில்தான்.

பாயான் லெப்பாஸில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அன்று என்ன நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன். இதே தவறை வேறு குழுக்களிலும் பார்த்துவிட்டேன். காரணம் தெரிந்தால் யாரும் செய்ய மாட்டார்கள்.

டெலிவரி தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு காலண்டர் பேக்கேஜ், அதாவது வேறொருவர் எழுதி வைத்த ஆயத்தக் கோடு, வேண்டியிருந்தது. இந்தப் பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி என்பிஎம். எங்களோடு வேலை செய்யும் தம்பி அதை இன்ஸ்டால் செய்தபோது ஈரிசால்வ் (ERESOLVE, பதிப்புகள் ஒத்துப்போகவில்லை) என்ற பிழை வந்தது. பேக்கேஜ் கேட்டது, பக்கங்களைக் கட்டும் ரியாக்ட் லைப்ரரியின் பதிப்பு 16 அல்லது 17. எங்களிடம் இருந்தது 18. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: லாக் ஃபைலை அழி, பதிப்பு முரண்பாட்டைக் கண்டுகொள்ளாத லெகசி பியர் டெப்ஸ் ஆப்ஷன் போட்டு மறுபடி இன்ஸ்டால் செய். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்று துல்லியமாக எழுதி வைக்கும் லாக் ஃபைலான பேக்கேஜ்-லாக்.ஜேசனை மட்டும் அவர் அழித்தார். பேக்கேஜ்கள் இறங்கி இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் அப்படியே இருந்தது. அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் தளம் அழகாக ஓடியது. தளத்தைச் சர்வரில் ஏற்றும் டிப்ளாய் ஸ்கிரிப்டிலும் அதே ஆப்ஷனைச் சேர்த்து அனுப்பிவிட்டார்.

சர்வரில் பில்ட், அதாவது கோடைத் தளமாகக் கட்டும் வேலை, விழுந்தது. ரோலப் லினக்ஸ் எக்ஸ்64 குனு என்ற மாட்யூலைக் காணவில்லை என்று செய்தி. "அண்ணே, அப்படி ஒரு பேக்கேஜை நான் போடவே இல்லையே" என்றார் தம்பி. உண்மைதான், அவர் போடவில்லை. தளத்தைக் கட்டும் கருவியான வீட் (Vite), நாங்கள் வைத்திருந்த பதிப்பில், உள்ளே ரோலப் என்ற இன்னொரு கருவியைப் பயன்படுத்தியது. ரோலப் தன் வேகமான பகுதியை விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி பேக்கேஜாக, ஆப்ஷனல் டிபென்டன்சியாக (கிடைக்காவிட்டாலும் இன்ஸ்டால் நிற்காத பேக்கேஜாக) வைத்திருக்கிறது. லாக் ஃபைல் இல்லாமல் நோட் மாட்யூல்ஸ் மட்டும் இருந்தால், என்பிஎம் அந்த ஃபோல்டரில் கண்டதை வைத்தே புது லாக் ஃபைலை எழுதும். விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பகுதி மட்டும்தானே இருக்கும்? லினக்ஸ் பகுதி பட்டியலிலிருந்தே போய்விட்டது. இது என்பிஎம்மில் நெடுநாளாக இருந்த குறை. அந்தப் பிழைச் செய்தியே அதைச் சொல்லி, இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறது.

ஆனால் அன்று மாலை நாங்கள் அதைச் செய்யவில்லை. இரண்டையும் அழித்தால் லினக்ஸ் பகுதி திரும்பி வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. கூடவே மற்ற நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களும் இன்றைய தேதிக்குக் கிடைக்கும் புதிய பதிப்புக்குத் தாவிவிடும். தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனில் ^1.4.0 என்று எழுதியிருந்தால் 2.0.0க்குக் கீழே உள்ள எதுவும் வரலாம். எஃப்பிஎக்ஸ் என்ற ஆன்லைன் வங்கிக் கட்டணம் முதல் கூரியர் முகவரி வரை சோதித்துப் பார்த்தது பழைய பதிப்புகளில். தீபாவளி நெருக்கத்தில் அதை யாராலும் மறுபடி சோதிக்க முடியாது.

கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் (git) இருந்த பழைய லாக் ஃபைலையும் பேக்கேஜ்.ஜேசனையும் திரும்ப எடுத்தோம். நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு, லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே இறக்கும் என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டினோம். எட்டு மணி சுமாருக்குத் தளம் எழுந்தது, காலண்டர் இல்லாமல். மறுநாள் காலை நிதானமாகப் பார்த்தோம். என்பிஎம் வியூ கட்டளையில் அந்தப் பேக்கேஜின் பியர் டிபென்டன்சியை (கூடவே இருக்க வேண்டும் என்று அது கேட்கும் பேக்கேஜை) கேட்டால், எந்தப் பதிப்பு எந்த ரியாக்டைக் கேட்கிறது என்று அதுவே சொல்கிறது. அதன் அடுத்த பெரிய பதிப்பு ரியாக்ட் 18ஐ ஏற்றுக்கொண்டிருந்தது. பதிப்பெண்ணைச் சொல்லி இன்ஸ்டால் செய்ததும் பிழையே வரவில்லை.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. பில்ட் விழுந்தாலும் பழைய தளம் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஓடும் தளத்தை நிறுத்திவிட்டு அதே ஃபோல்டரில் புதியதைக் கட்டும்படி அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான். தம்பியின் தவறு அரை மணி நேர எரிச்சலோடு போயிருக்கும். அதை அக்காவின் கடை வரைக்கும் கொண்டுபோனது என் ஸ்கிரிப்ட்தான். இப்போது வேறு ஃபோல்டரில் கட்டி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மாற்றுகிறோம்.

ஈரிசால்வ் வந்தால் பதற வேண்டாம். 2020 அக்டோபரில் என்பிஎம் 7 வருவதற்கு முன்பு இதே முரண்பாடு வெறும் எச்சரிக்கையாக ஓடிவிடும். 7லிருந்து இன்ஸ்டாலை நிறுத்திவிடுகிறது. செய்தியில் ஃபவுண்ட் என்ற வரி உங்களிடம் இருப்பதைச் சொல்கிறது, அதற்குக் கீழே உள்ள பியர் வரி அந்தப் பேக்கேஜ் கேட்பதைச் சொல்கிறது. அந்த இரண்டு வரியைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபோர்ஸ் ஆப்ஷன் முரண்பாட்டைத் தீர்ப்பதில்லை, கண்ணில் படாமல் செய்கிறது.

சர்வரிலும், தளத்தைப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் டாக்கரிலும் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம், என்பிஎம் சிஐ போதும். இன்ஸ்டால் தேவைப்பட்டால் லாக் ஃபைலைத் திருத்தி எழுதும். சிஐ அதைத் தொடாது. பேக்கேஜ்.ஜேசனும் லாக் ஃபைலும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்று சொல்லிவிடும். 2018லிருந்து இருக்கிற வசதி இது. இன்னும் எத்தனையோ டாக்கர் ஃபைல்களில் இன்ஸ்டாலைத்தான் பார்க்கிறேன்.

பழுது பார்க்கக் கூப்பிடும் இடங்களில் அடிக்கடி காண்பவை இன்னும் சில உண்டு. வீட் கருவியைக் காணவில்லை என்று பில்ட் நின்றால், எந்தச் சூழலில் ஓடுகிறது என்று சொல்லும் நோட் என்வி மதிப்பைப் பாருங்கள். அது புரொடக்‌ஷன் என்று இருந்தால் கட்டும்போது மட்டும் தேவைப்படும் டெவ் டிபென்டன்சி எதுவும் இறங்காது. லேப்டாப்பில் கிடைக்கும் ஃபைல் சர்வரில் கிடைக்கவில்லை என்றால் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். விண்டோஸும் மேக்கும் பொதுவாக அதைக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் விடாது. பில்ட் 137 என்ற எண்ணோடு செத்தால் பெரும்பாலும் சர்வரில் மெமரி தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் ஹீப் (அது எடுத்துக்கொள்ளும் மெமரி) அளவைக் கூட்டினால் அங்கே பயன் இல்லை. ரேம் கூட்டுங்கள், அல்லது வேறு இடத்தில் பில்ட் செய்து கொண்டுவாருங்கள்.

லாக் ஃபைல் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் கெட்ட கோடு நுழைந்தது. வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படும் பேக்கேஜ்கள் அவை. பராமரிப்பாளர் ஒருவர் போலி மின்னஞ்சலை நம்பிக் கணக்கைப் பறிகொடுத்ததுதான் காரணம். கெட்ட பதிப்புகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த நேரத்தில் லாக் ஃபைலை அழித்து இன்ஸ்டால் செய்தவருக்கு அவை இறங்கியிருக்கலாம். பழைய லாக் ஃபைலோடு என்பிஎம் சிஐ ஓட்டியவருக்கு இறங்கியிருக்காது, ஏனென்றால் அதில் பதிப்பெண்ணும், ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஹாஷும் எழுதியிருக்கும். அதே மாதம் ஷாய் ஹுலூத் என்ற புழு இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியாக, கடவுச்சொல் போன்ற டோக்கன்களைத் திருடித் தானாகவே பரவியது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம் 10, டிபென்டன்சிகளின் இந்த ஸ்கிரிப்ட்களை நாம் அனுமதித்தால் ஒழிய ஓட்டுவதில்லை. புதிய திட்டங்களுக்கு நான் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் இப்போது, கோடைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் லாக் ஃபைல் மாறியிருந்தால், ஏன் மாறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். போன வாரம் அந்தத் தம்பி எழுதியிருந்தார்: "ஷார்ப் பேக்கேஜை மட்டும் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றும் லாக்கில் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன் அண்ணே."