நடுவயதில் வரும் முதல் வகை நீரிழிவும் உணவுக் கணக்கும்

ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ள ஒருவருக்கு, வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே சுமார் 5 கிராம்தான். ஒரு வேளை உணவிலோ 60 கிராம் மாவுச்சத்து எளிதில் சேர்ந்துவிடும். செரித்து வரும் அந்தப் பெருக்கைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் அனுப்பி, இரத்தத்தில் தேங்கவிடாமல் காப்பது இன்சுலின்.

முப்பது வயதைக் கடந்த சிலருக்கு, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை மெல்ல அழிக்கிறது. தொடக்கத்தில் மாத்திரைகளுக்குக் கட்டுப்படுவதால் இந்த முதல் வகை நீரிழிவு, இரண்டாம் வகை என்றே பலமுறை தவறாகக் கருதப்படுகிறது. பீட்டா செல்களில் உள்ள காட் (GAD) என்ற புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டும். எஞ்சியுள்ள சுரப்பு எவ்வளவு என்பதை, இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடு என்ற பொருளின் அளவு சொல்லும்.

இந்நிலையில் உணவால் செய்யக்கூடியது, குளுக்கோஸ் வந்து சேரும் அளவையும் வேகத்தையும் குறைப்பது. கணையம் அறவே ஓய்ந்துவிடவில்லை, ஆனால் திடீர் ஏற்றத்துக்கு ஈடுகொடுக்க அதனால் முடியாது. ஆகவே மாவுச்சத்தை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்து உண்பதும், நார்ச்சத்து மிகுந்த காய்கறிகளையும் புரதத்தையும் முதலில் உண்டபின் மாவுப்பொருளுக்கு வருவதும் ஏற்றத்தைத் தணிக்கின்றன. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாக வெளியேறுவதால், உண்ட இரண்டு மணி நேரத்தில் நல்ல அளவாகத் தெரிந்த சர்க்கரை நான்கைந்து மணி நேரம் கழித்து உயரக்கூடும். இதை அறியாதவர்கள் காரணம் புரியாமல் தவிக்கிறார்கள்.

இன்சுலின் ஊசி தொடங்கியபின் மாவுச்சத்தைக் கிராமில் கணக்கிடுவது இன்றியமையாதது. எண்ணிக்கை தவறினால் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். அப்போது விரைவாகச் செரிக்கும் 15 கிராம் சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

உணவை மேலும் மேலும் சுருக்கினால் ஊசியே வேண்டாம் என்ற எண்ணம் ஆபத்தானது. 1922-இல் இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்படும் வரை பட்டினிக்கு ஒப்பான உணவுமுறைதான் சிகிச்சையாக இருந்தது. அது சிலரின் நாட்களைச் சற்று நீட்டியதேயன்றி உயிரைக் காக்கவில்லை. இன்சுலின் போதாத உடல் கொழுப்பைக் கட்டின்றி உடைத்து, இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன்களை உண்டாக்குகிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு, சர்க்கரை அதிகம் உயராதபோதும் இது நேரலாம் என்பதால், வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சிரைப்போ தோன்றினால் சர்க்கரை அளவை மட்டும் நம்பியிராமல் கீட்டோனையும் சோதித்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.