இன்காக்னிட்டோ: மறைநிலை என்பது சரியான பெயரா?

இன்காக்னிட்டோ இத்தாலியச் சொல். அதன் லத்தீன் மூலத்துக்கு 'அறியப்படாத' என்று பொருள். பிரபுக்கள் பட்டமும் பரிவாரமும் இல்லாமல், ஆள் தெரியாமல் ஊர் சுற்றுவதைக் குறிக்க 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. வடமொழி 'அஞ்ஞாத'மும் இதற்குப் பங்காளிதான். இரண்டுக்கும் வேர் ஒன்று. வட ஆர்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு அகராதியே வேண்டாம்: விராடன் ஊரில் பாண்டவர் இருந்த ஓராண்டு, அஞ்ஞாதவாசம்.

2008இல் வந்த குரோம் பிரௌசர், பார்த்தவற்றின் தடத்தைக் கணினியில் விடாத தனிச் சாளரத்துக்குப் பெயராக இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழில் 'மறைநிலை' என்கிறார்கள். காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் செய்கிற வேலைக்கு மிஞ்சிய பெயர். அது மறைப்பது அதே கணினியில் அடுத்து உட்காருபவரிடமிருந்து மட்டுமே. பார்த்த பக்கங்களின் பட்டியல், குக்கி (உங்களை அடையாளம் காணத் தளம் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), படிவத்தில் தட்டியவை ஆகியவற்றைக் கணினியில் தங்கவிடாது. இணைய இணைப்பைத் தருபவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் எண், தெரியும். ஜிமெயிலில் நுழைந்தால் அர்ச்சுனன் காண்டீபத்தை எடுத்த கதைதான், ஆள் யாரென்று தெரிந்துவிடும். இந்தப் பெயர் தந்த நம்பிக்கையை வைத்தே 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024இல், இன்காக்னிட்டோவில் உலவியவர்களைப் பற்றித் திரட்டிய பழைய தரவுகளை அழிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரௌசிங் சென்டரிலோ, இந்திய அரசின் 2011 சைபர் கஃபே விதிகளின்படி உங்கள் அடையாள விவரம் பதிவேட்டில் குறைந்தது ஓராண்டு இருக்கும்.

எனவே 'தடம்பதியா நிலை' என்பதே பொருந்தும். தடம் பதியாது, ஆள் மறைவதில்லை.

வேலூர் மாவட்ட மைய நூலகம் போன்ற பொது இடக் கணினியில் இது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, இன்காக்னிட்டோ சாளரங்கள் எல்லாம் ஒரே குக்கியைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றை மூடி, இன்னொன்றைச் சுருக்கி வைத்துவிட்டுப் போனால், அடுத்தவர் திறக்கும் சாளரத்தில் உங்கள் கணக்கு அப்படியே திறந்திருக்கும். இரண்டு, இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸில் கிடக்கும். உதவித்தொகைக்காக இறக்கிய இ-ஆதார்தான் (ஆதாரின் பிடிஎஃப் நகல்) இதில் ஆபத்தானது. அதன் கடவுச்சொல் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். தெரிந்தவர் யாரும் ஊகித்துவிடலாம். கேட்கும் இடத்தில் ஏற்பார்கள் என்றால் முதல் 8 இலக்கம் மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' போதும். பிரின்ட் எடுத்ததும் ஷிஃப்ட்டை அழுத்தியபடி டெலீட் செய்யுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும்.

நூலகர் செய்யக்கூடியதும் உண்டு. டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளைப் போட்டால், கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் வாசகர் விட்டுச்சென்றதெல்லாம் போய்விடும். ரீஸ்டார்ட் செய்யும்வரை போகாது. ஆகவே ஒவ்வொரு வாசகரும் எழுந்த பிறகு செய்ய வேண்டும், மாலையில் ஒருமுறை போதாது. சில இடங்களில் சி டிரைவுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, டவுன்லோட்ஸை டி டிரைவுக்கு மாற்றியிருப்பார்கள். அப்படியானால் மாதக்கணக்கான ஆதார் கோப்புகள் அங்கே குவிந்திருக்கும்.