எச்சரிக்கை கேட்டதும் நெஞ்சு படபடப்பது ஏன்?

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து, இந்து சமுத்திர நாடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, இலங்கையின் கிழக்குக் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். நிலத்தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் அன்று பேரலை எழவில்லை. ஆயினும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்திலும், கல்லடி, நாவலடி போன்ற மட்டக்களப்புக் கரையோரங்களிலும், "கடல் வருகுதாம்" என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கைகால் நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பயந்த சுபாவம் உடையவர்கள் என்று பேசுவது அநியாயம். அந்த நடுக்கம் மூளை தனது கடமையைச் செய்வதன் விளைவாகும்.

ஆபத்தின் அறிகுறி கண்ணிலோ காதிலோ பட்டவுடன், மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவில் அமைந்துள்ள அமிக்டலா, நாம் அதைப் பற்றி முழுமையாகச் சிந்தித்து முடிப்பதற்கு முன்னரே செயற்படத் தொடங்கிவிடுகிறது. அதன் சமிக்ஞை மூளையின் மற்றொரு பகுதியான ஹைப்போதலமஸை அடைய, அங்கிருந்து நரம்புகள் வழியாகச் செல்லும் கட்டளை சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளிலிருந்து அதிரீனலின் என்ற ஹோர்மோனைச் சில விநாடிகளுக்குள் இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குக் கூடுதலாகப் பாய்கிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தப்படுத்தும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்டர் கனன் 1915இல் விரிவாக விளக்கினார். இதனுடன் மெதுவான இரண்டாவது பாதையொன்றும் இயங்குகிறது. ஹைப்போதலமஸ் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி அதிரீனல் சுரப்பியின் புறப்பகுதியைத் தூண்ட, அங்கிருந்து சுரக்கும் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உச்சத்தை எட்டுகிறது. ஆபத்து நீங்கியது என்று தெரிந்த பின்னரும் உடல் உடனே தணியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயத்தில் கவனமும் சுருங்குகிறது. அச்சம் தரும் பொருள் மட்டும் கூர்மையாகத் தெரிய, சுற்றியுள்ளவை மங்கிவிடுகின்றன. திட்டமிடுவதற்கும் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உதவும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி கடும் அழுத்தத்தில் தளர்வதால், அந்நேரத்தில் கைகொடுப்பது ஏற்கெனவே பழகிய செயல்தான். எந்த ஒழுங்கையால் வெளியேறுவது, யார் பாட்டியை அழைத்துவருவது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி, நடந்தும் பார்த்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் 2004இன் அந்த நாள் ஏன் இவ்வளவு தெளிவாக நிற்கிறது? உணர்ச்சி மிகுந்த வேளையில் சுரக்கும் இரசாயனங்கள் அமிக்டலாவின் வழியாக நினைவைப் பலப்படுத்துகின்றன. 1994இல் ஆய்வாளர்களான லாரி கேஹில், ஜேம்ஸ் மக்கோ ஆகியோரும் அவர்களது சகாக்களும் ஓர் எளிய பரிசோதனை செய்தார்கள். அதிரீனலின் வகை இரசாயனங்களின் செயலைத் தடுக்கும் புரொப்பிரனொலோல் என்ற மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, மனத்தை உலுக்கும் கதையொன்றைக் காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்து எடுக்காதவர்கள் கதையின் துயரமான பகுதியை மற்றப் பகுதிகளைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். மருந்து எடுத்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

அச்சத்துடன் ஒரே வேளையில் பதிந்த ஓசை, மணம், நாள் ஆகியனவும் பின்னாளில் அச்சத்தை எழுப்பக் கற்றுக்கொள்கின்றன. அப்போது மனிதர் இயல்பாகவே அவற்றைத் தவிர்க்க முற்படுகிறார். கடற்கரைக்குப் போகாமல் விட்டால் மனம் சற்று ஆறுகிறது. அந்த ஆறுதலே ஒரு வெகுமதியாகி, அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. தவிர்க்கும் வரையில், அமைதியான கடல் எதுவும் செய்யாது என்பதை மூளை அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. நம்மவர் மத்தியில் அதிகம் பேசப்பட வேண்டியது இந்தச் சுழல்தான் என்று நான் நினைக்கிறேன். ஏனெனில், "அந்தப் பக்கம் போகாதே, மறந்துவிடு" என்று அன்புடன் சொல்பவர்களும் அறியாமலே இச்சுழலுக்குத் துணைபோகிறார்கள்.

பயம் தணியும் போது பழைய நினைவு அழிந்துவிடுவதில்லை. "இப்போது ஆபத்தில்லை" என்ற புதிய பாடமொன்று அதன் மேல் அமைகிறது. முன்பு கற்றது அழியாமல் பின்னர் மீளக்கூடும் என்பதை ரஷ்ய உடற்றொழிலியலாளர் பாவ்லோவ் காலத்திலிருந்தே ஆய்வாளர்கள் கவனித்துவந்துள்ளார்கள். புதிய பாடமோ அது கற்கப்பட்ட இடத்தையும் சூழலையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே, கடல் அடங்கிக் கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கரையில் நடந்து பழகிய ஒருவருக்கு, மாரி மழையுடன் அலை இரையும் மார்கழியில் அதே பயம் திரும்பி வரலாம். பெற்ற முன்னேற்றம் வீணாயிற்று என்று அவர் மனமுடைய வேண்டியதில்லை. அந்தப் பருவத்திலும், நம்பிக்கையானவர் துணையுடன், பாதுகாப்பான தூரத்தில் நின்று சிறிது சிறிதாக மீண்டும் பழக வேண்டும் என்பதே பொருள். உறக்கம் கெட்டு, அந்தக் காட்சிகள் விழித்திருக்கும்போதே திரும்பத் திரும்ப வந்து, அன்றாட வேலைகள் ஒரு மாதத்துக்கும் மேலாகக் குலைந்திருந்தால், இவ்வாறு பழகுவதைத் தனியாக முயலாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடித் தொடங்குவதே பாதுகாப்பானது.