வார்னிஷ் ஸ்டாண்டுக்கு அடியில் மரத்தூள் கொட்டாதீர்கள்

துடுப்புக்கும் சுக்கான் பிடிக்கும் வார்னிஷ் அடிக்க, படகுப் பட்டறை வைத்திருக்கிற எல்லாரும் ஒரு ஸ்டாண்டு செய்து வைத்திருக்கிறோம். இரண்டு சட்டத்தை நட்டு, ஒவ்வொன்றிலும் நீள ஆணி அடித்து, துடுப்பின் இரு முனையையும் அதில் குத்தி நிறுத்தினால், கறி வாட்டுவது போலத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் ஒரே மூச்சில் அடித்துவிடலாம். நல்ல ஏற்பாடு, நானும் அப்படித்தான் செய்கிறேன். கோபமெல்லாம் அதற்கு அடியில் கிடப்பதன் மேல்தான்.

போன வாரம் தொண்டிப் பக்கம் இன்னொரு கொட்டகை போய்விட்டது. சொட்டு வாங்க மரத்தூள் கொட்டி, எண்ணெய் துடைத்த பழந்துணியையும் சுருட்டி அதன் மேலேயே போட்டுவிட்டுச் சாயங்காலம் பூட்டிப் போயிருக்கிறார்கள். நடு இரவில் புகை. பனையோலைக் கொட்டகை, என்ன மிஞ்சும்? விடிந்ததும் எவனோ பீடியைப் போட்டுவிட்டான் என்று வேலைக்கு வந்த பையனைப் பிடித்துத் திட்டுகிறார்கள்.

"நெருப்பே இல்லாம எப்படிண்ணே பத்தும்?" பற்றும். எத்தனை தடவை சொல்வது! மரத்துக்குப் பூசுகிற லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், வார்னிஷை இளக்க ஊற்றுகிற தின்னர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, இறுகும்போது சூட்டைக் கக்குகிறது. பலகையில் மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. சுருட்டிய துணிக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ இருந்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற இறுகும் வேகமும் கூடும், வேகம் கூடினால் இன்னும் சூடு, சில மணி நேரத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பீடி வேண்டாம், கரண்டும் வேண்டாம். டபுள் பாயில்ட் என்று விற்கிற லின்சீட் ஆயில் சீக்கிரம் காய்வதால் இன்னும் மோசம். எண்ணெய் கலந்த வார்னிஷும், அந்தக் காலத்தில் வள்ளத்துக்குப் பூசிய மீன் எண்ணெயும் இதே ரகம்தான்.

ஸ்டாண்டுக்கு அடியில் தகரம் போடுங்கள். சொட்டியது அதிலேயே காய்ந்துவிடும், அப்புறம் உரித்துப் போடலாம். துடைத்த துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கம்பியில் போடுங்கள், விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பைக்குப் போகட்டும். அதற்கு நேரமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள். சாக்கிலும் பாலிதீன் பையிலும் திணிக்கவே கூடாது.

சோளகக் காற்றில் மணல் வந்து ஈர வார்னிஷில் ஒட்டுகிறது என்று தார்ப்பாயால் நாலு பக்கமும் அடைக்கிறீர்கள். காற்று வருகிற பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும். தின்னர் ஆவி தரையோடு படரும், அடுப்பு எட்டத்தில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மூக்கில் துண்டு கட்டினாலும் அந்த ஆவி நிற்காது.

துடுப்பு முனையில் ஆணி போன ஓட்டையையும் வார்னிஷ் விட்டு அடைத்துவிடுங்கள், தண்ணீர் முதலில் இறங்குவது அந்த முனை வழியாகத்தான்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். காவலுக்கு என்று சின்னப் பையன்களை வார்னிஷ் காயும் கொட்டகைக்குள் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை வெளியே, காற்று வருகிற பக்கம் போட்டுக் கொடுங்கள்.