மிக்ஸ்சர் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்கோ

ரெவனியூ லைசன்ஸ் (வாகனத்துக்கு வருஷா வருஷம் எடுக்கிறது, எமிஷன் எண்ட புகை டெஸ்ட் பாஸ் எண்டாத்தான் தருவாங்கள்) முடியப்போற கிழமையில எனக்கு வாற கோல் எல்லாம் ஒரே மாதிரித்தான். "தம்பி, எமிஷன் ஃபெயில் எண்டுட்டாங்கள், மிக்ஸ்சர கொஞ்சம் குறைச்சு விடுறீரோ, அஞ்சு நிமிஷ வேலைதானே." 2008 இல மேல் மாகாணத்தில இந்த டெஸ்ட் துவங்கின நாள்ல இருந்து இதக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். மிக்ஸ்சர் எண்டா எஞ்சினுக்குப் போற காத்தும் பெற்றோலும் கலக்கிற அளவு. அவையளிலயும் பிழையில்ல, மொரிஸ் மைனர், பெட்டி லான்சர் ஓடினவைக்கு கார்புரேட்டர் எண்டா அப்பிடித்தான், ஸ்க்ரூட்ரைவரோட குனிஞ்சு, காத வச்சு கேட்டு, அரைச் சுத்து சுத்தினா சரி. ஆனா ஈஎஃப்ஐ கார் வேற சாமான், அதில எவ்வளவு பெற்றோல் விசிறுறது எண்டு ஈசியூ எண்ட கம்ப்யூட்டர்தான் முடிவெடுக்கும்.

முதல்ல ஒண்டு. 90களில வந்த ஜப்பான் கார்கள்ல த்ரொட்டில் பொடியில (அக்சிலரேட்டர மிதிச்சா காத்துக்கு வழி திறக்கிற இடம்) ஒரு ஸ்க்ரூ இருக்குமே, கனபேர் அதத்தான் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எண்டு நினைச்சு திருகிறாங்கள். அது காத்து ஸ்க்ரூ. அதத் திறந்தா காத்து கூடப் போகும், ஈசியூ அந்தக் காத்த அளந்து அதுக்கேத்த மாதிரி பெற்றோலையும் கூட்டும், ஐடில் (மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடுற வேகம்) ஏறும், அவ்வளவுதான், மிக்ஸ்சர் இருந்த இடத்திலயே இருக்கும். ஒக்சிஜன் சென்சர் இருக்கிற கார்ல எஞ்சின் சூடான பிறகு பெற்றோல் ஒரு பங்குக்கு காத்து 14.7 பங்கு எண்ட கணக்க ஈசியூ தானே பிடிச்சுக்கொண்டிருக்கும், நீங்க திருகிறதுக்கு அங்க ஒண்டுமே வைக்கேல்ல.

தெஹிவளையில இருந்து ஒரு ரிட்டயர் ஆன ஐயா ஏஈ100 கொரோல்லா ஒண்டு கொண்டுவந்தார், 5ஏ-எஃப்ஈ எஞ்சின், உள்ளுக்கு மெத்தையெல்லாம் பளபளப்பா வச்சிருக்கிறார், ஆனா சைலன்சர் குழாய்க்குள்ள விரல விட்டா கரி. கார்பன் மொனொக்சைட் (பெற்றோல் கூடி முழுசா எரியாட்டி வாற நச்சுப்புகை) கூட எண்டு டெஸ்ட்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். எங்கட கராஜுக்கு வர முதல் வேற ஒரு இடத்தில காத்து ஸ்க்ரூவ முழுசா மூடி, ப்ளக்குகளுக்கு நெருப்பு பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரையும் திருப்பி விட்டிருக்கிறாங்கள். டயக்னோஸ்டிக் பெட்டிக்குள்ள டிஈ1-ஈ1 எண்ட ரெண்டு முனையையும் வயரால சேத்திட்டு லைட் அடிச்சு பாத்தா டைமிங் (ப்ளக்கில நெருப்பு விழுற நேரம்) 10 டிகிரியில நிக்கவேணும், அது 2 இல நிண்டுது. அத சரிப்படுத்தினன், ஆனா வருத்தம் அதில்ல எண்டு தெரியும், ஏனெண்டா கார் வந்து நிண்டு இருவது நிமிஷம் ஐடில்ல ஓடியும் டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு வரேல்ல. ஐயாட்ட கேட்டன். அவர் பெருமையாச் சொல்லுறார், "இது சூடே ஆகாது தம்பி, மெக்கானிக் பாஸ் அந்த வால்வ எப்பவோ கழட்டிட்டார்."

அந்த வால்வுதான் தேர்மோஸ்டாட். எங்கட நாடு சூடு நாடு, அது தேவையில்ல எண்டு கழட்டி எறியிற பழக்கம் இங்க கனகாலமா இருக்குது. அது 82 டிகிரி கிட்ட திறக்கிற சாமான், அதுவரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம எஞ்சின சூடாக்கிறதுதான் அதிட வேலை. அத கழட்டினா தண்ணி எப்பவும் சுத்திக்கொண்டே இருக்கும், காலையில மரைன் டிரைவ்ல கடல் காத்தோட ஓடினா எஞ்சின் 60ஐத் தாண்டவே கஷ்டப்படும். ஈசியூவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்? தண்ணிச் சென்சர் சொல்லுறதத்தான் அது நம்பும். அந்தச் சென்சர் 20 டிகிரியில 2 இல இருந்து 3 கிலோ ஓம் காட்டும், 80 இல 0.2 இல இருந்து 0.4 க்கு இறங்கும். இறங்காட்டி "எஞ்சின் இன்னும் குளிர்தான்" எண்டு நினைச்சு பெற்றோல ஊத்திக்கொண்டே இருக்கும். இதுக்கு எந்த ஸ்க்ரூவத் திருகுவீங்க?

பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில புது தேர்மோஸ்டாட் ஒண்டு வாங்கிப் போட்டன். ஆனா அதுக்கு முதல் அந்த வால்வ ஏன் கழட்டினவங்கள் எண்டு பாக்கவேணும், ஆராவது சும்மா கழட்டமாட்டாங்கள். ரேடியேட்டர் பாதி அடைபட்டு இருந்தது, அதாலதான் அந்தக் காலத்தில சூடாகியிருக்கு. அதக் கழட்டி கிளீன் பண்ணி, ஃபேன் சுவிட்ச் சரியான நேரத்தில போடுதா எண்டு பாத்து, பிறகுதான் தேர்மோஸ்டாட். அடுத்த கிழமை டெஸ்ட் பாஸ். மிக்ஸ்சர் எண்டு ஒண்ட நான் தொடவே இல்ல.

காத்து ஒழுக்கும் இதே மாதிரி ஆள ஏமாத்தும். வெடிச்ச வக்கூம் ஹோஸ், பிசிவி ஹோஸ், இன்டேக் கஸ்கெட், எல்லாம் எஞ்சின் காத்து இழுக்கிற பக்கத்துக் குழாய், அடைப்புகள். மானிஃபோல்ட் பிரஷர அளக்கிற கார்ல (மேப் சென்சர் உள்ளது) ஒழுகிற காத்தும் கணக்கில வரும், அதனால ஐடில் ஏறி கத்தும். மடல் வச்ச ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள கார்ல அந்தக் காத்து மீட்டருக்குத் தெரியாது, பெற்றோல் காணாம நடுங்கி நிக்கும். ஒரே ஓட்டை, ரெண்டு கார்ல ரெண்டு விதமான வருத்தம். சைலன்சர் பக்கம் ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால ஒழுக்கு இருந்தாலும் வெளிக்காத்த உறிஞ்சி, பெற்றோல் குறைவு எண்டு ஈசியூவுக்கு பொய் சொல்லும்.

உண்மையா மிக்ஸ்சர் ஸ்க்ரூ இருக்கிற ஈஎஃப்ஐயும் இருக்குது, கொழும்பில இன்னும் ஓடுது. எல்-ஜெட்ரோனிக் எண்ட இன்ஜெக்ஷன் போட்ட பழைய பிஎம்டபிள்யூ ஈ30ல ஏர் ஃப்ளோ மீட்டர் பக்கத்தில மூடி போட்ட பைபாஸ் ஸ்க்ரூ. உள்ளுக்கு திருகினா காத்தெல்லாம் மடலால போகும், பெற்றோல் கூடும், வெளிய எடுத்தா குறையும். பெற்றோல் பிடிக்குது எண்டு மீட்டர உடைச்சு உள்ள இருக்கிற பல்லுச் சக்கரத்த ஆட்டுறாங்களே, அத தயவு செய்து செய்யாதேங்கோ, ஸ்பிரிங் கணக்கு போனா பிறகு எங்களாலயும் ஒழுங்கா வைக்க ஏலாது. 230ஈ பென்ஸ் டபிள்யூ123ல கே-ஜெட்ரோனிக், அது ஈஎஃப்ஐ இல்ல, மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன், ஆனா அதிலயும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ இருக்குது, 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள நீட்டு ஆலன் கீ, வலப்பக்கம் திருகினா கூடும், மயிரளவுதான் திருகவேணும், கீய உள்ள விட்டபடி அக்சிலரேட்டர மிதிச்சா அந்த லீவர் வளைஞ்சு போயிடும்.

நான் செய்யிறது இப்பிடி: ஃபேன் ஒருக்கா போட்டு நிக்குமட்டும் ஓடவிடுவன், ஏசி லைட் எல்லாம் ஓஃப், ப்ளக், ஃபில்டர், டைமிங் சரி எண்டாத்தான் புகையில என்ன எவ்வளவு எண்டு அளக்கிற கேஸ் அனலைசர் கம்பிய சைலன்சருக்க விடுவன். ஸ்க்ரூவில பெயின்ட் புள்ளி வச்சு, அடி மட்டும் எத்தன சுத்து எண்டு எண்ணி எழுதி வைப்பன், பிழைச்சா திரும்பி வாறதுக்கு. கால் சுத்து திருகி, 2500 ஆர்பிஎம்முக்கு ஒருக்கா ஏத்தி இறக்கி, நம்பர் நிக்கும்வரை பொறுத்து, பிறகுதான் அடுத்த கால் சுத்து. கார்பன் மொனொக்சைட் குறைஞ்சு ஹைட்ரோகார்பன் திடீரெண்டு ஏறினா நிப்பாட்டுங்கோ, பெற்றோல் காணாம எரியாம போகுது, அதாலயும் டெஸ்ட் ஃபெயில் ஆகும். டெஸ்டுக்கு மட்டும் குறைச்சுத் தாங்கோ, பிறகு கூட்டுவம் எண்டு கேக்கிறவைக்கு நான் இல்ல எண்டுதான் சொல்லுறது. கூட்டி ஓடினா கட்டலிடிக் (புகைய சுத்தமாக்கிற பெட்டி) உருகும், எஞ்சின் ஒயிலுக்க பெற்றோல் வாசம் வரும், ஒயில் ஸ்டிக்க மூக்குக்கிட்ட பிடிச்சாலே தெரியும்.

வீட்டில பாக்கிறவைக்கு இன்னொண்டு, வெள்ளவத்தை ஃப்ளட்டுகள்ட கீழ் பார்க்கிங்ல மூண்டு பக்கமும் சுவர், அங்க ஐடில்ல ஓடவிட்டுக்கொண்டு பொனட்டுக்க தலைய விட்டபடி நிக்கிறாங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமில்ல, நிறமில்ல, ரத்தத்தில ஒக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில அது போய் ஒட்டும். மிக்ஸ்சர் கூடின கார்லதான் அது கூட வரும், நீங்க திருத்த நிக்கிறதும் அந்தக் கார்தானே. மழை பெய்யுதெண்டாலும் பரவாயில்ல, கார வெளிய எடுத்து ரோட்டோரமா விட்டுட்டு பாருங்கோ.