கடலடியில் கிடக்கும் கருவி சுனாமியைச் சொல்லுமா?

கடலடியில் நிலநடுக்கமானிகளை இறக்கி எடுப்பதுதான் என் வேலை. அதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "அப்போ சுனாமி வர்றது உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிடுமா?"

தெரியாது. பல மாதம் கழித்துக் கருவியை மேலே எடுத்த பிறகுதான், நிலம் எப்போது ஆடியது என்பதே எங்களுக்குத் தெரியும்.

கப்பலிலிருந்து போட்டால், எடைக்கட்டியோடு நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும். 3,000 மீட்டர் ஆழமென்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். பெரிய தலைவலி கடிகாரம். ஜிபிஎஸ் சமிக்ஞை கடல்நீருக்குள் போகாது. அதனால் கருவியின் கடிகாரம் தன்போக்கில் ஓடும். இறக்கும் முன்பும் எடுத்த பின்பும் சரிபார்த்து, பிசகைக் கணக்கிட்டுத் திருத்துவோம். ஒரு நொடி தவறினாலும் நிலநடுக்க மையம் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போகும்.

எடுக்கும்போது கப்பலிலிருந்து ஒலிச்சமிக்ஞை அனுப்புவோம். கருவி எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். இரவென்றால் அதன் விளக்கு எங்கே மினுக்குகிறது என்று ஆளுக்கொரு பக்கம் தேடுவோம். சில கருவிகள் வருவதே இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? பெரிய நிலநடுக்கங்கள் பல கடலுக்கடியில்தான் பிறக்கின்றன. கரையிலுள்ள கருவிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால், நிலநடுக்கத்தின் ஆழத்தைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

எச்சரிக்கைக்கு உதவுவது வேறு கருவி: கடலடி அழுத்தமானி. மேலே நிற்கும் நீர் ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அது உணர்ந்து, ஒலி வழியாக மேலிருக்கும் மிதவைக்குச் சொல்லும்; மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு இப்படித்தான் தகவல் போகிறது.

நிலநடுக்கமானி, அழுத்தமானி இரண்டையும் ஒரே கேபிளில் கோத்தது ஜப்பான். 2011 மார்ச் 11 அன்று வந்த பெரிய நிலநடுக்கத்துக்கு, முதல் சில நிமிடங்களில் அங்கே கணக்கிட்ட அளவு 7.9, உண்மையில் அது 9.0. அலையின் உயரத்தையும் முதலில் குறைவாகவே சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் அந்தக் கடலடியில் 150 கருவிகளை, 5,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டு இணைத்தார்கள்.

நம் பக்கம் மிதவைதான். அதன் நிழலில் மீன் கூடும். படகைக் கொண்டுபோய் அதில் கட்டுகிறார்கள். கயிறு இழுத்து உணரி உடைந்தால், கீழே அழுத்தமானி நன்றாக இருந்தும் பயனில்லை. ஒரு துறைமுகத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "மீனு அங்கதான நிக்குது சார், நாங்க எங்க போறது?" என்றார். நியாயமான கேள்விதான். "தள்ளி நின்னு பிடிங்கண்ணே, கயிறை மட்டும் அதுல கட்டாதீங்க" என்றேன்.